நீலகிரியின் உண்ணிக் காய்ச்சலும் அரசின் ஆய்வு நிதியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

உண்ணிக் காய்ச்சல் முற்றி, மூச்சுத் திணறலோடு வரும் நோயாளிக்கு டாக்சிசைக்ளின் கொடுப்பதா, அசித்ரோமைசின் கொடுப்பதா, இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதா? இரண்டுமே பழைய மருந்துகள். டாக்சிசைக்ளின் 1960களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் 2023 மார்ச்சில்தான் கிடைத்தது. வேலூர் சிஎம்சியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய 'இன்ட்ரெஸ்ட்' ஆய்வு அந்தப் பதிலைத் தந்தது.

அதுவரை ஆளுக்கொரு பழக்கம். ஒரு டாக்டர் டாக்சி என்பார், பக்கத்து வார்டு டாக்டர் அசித்ரோ என்பார், பயந்தவர் இரண்டையும் கொடுப்பார். யார் சரி என்று சொல்ல ஆதாரம் இல்லை. இவ்வளவு சாதாரணமான ஒரு கேள்வி இத்தனை காலம் ஏன் கிடப்பில் கிடந்தது, அதைத் தீர்த்து வைத்த பணம் எங்கிருந்து வந்தது, அந்தப் பணம் ஏன் நீலகிரி வரை ஏறி வரவில்லை என்பதையெல்லாம் ஒரு நோயாளியின் கதையை வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

நோய்

ஸ்க்ரப் டைபஸ் என்ற இந்தக் காய்ச்சலுக்கும் நாய் மேல் ஊரும் பெரிய உண்ணிக்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது இது. புல் நுனியிலும் புதர் ஓரத்திலும் எலிக்காகக் காத்திருக்கும். அந்த வழியாகப் போகும் மனிதரையும் கடிக்கும். ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற கிருமி அப்போது உடம்புக்குள் போகிறது. தாய் உண்ணியிலிருந்து முட்டைக்கும் கிருமி கடத்தப்படுவதால் எலியை ஒழித்தாலும் நோய் ஒழியாது.

மழை ஓய்ந்து குளிர் இறங்கும் மாதங்கள் இதற்கான சீசன். நீலகிரியில் அப்போது தோட்டத்து ஓரங்களில் புதர் மண்டிக் கிடக்கும். விறகு பொறுக்கப் போகிறவர், களை எடுப்பவர், கவ்வாத்து வெட்டுபவர், ஆடு மேய்ப்பவர் எல்லோரும் அந்த ஓரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பழனி மலையிலும், ஏலகிரி, ஜவ்வாது அடிவாரங்களிலும் நிலைமை இதுதான்.

முதல் சில நாட்கள் தலைவலி, உடம்பு வலி, காய்ச்சல். பார்த்தால் சாதாரணக் காய்ச்சல் மாதிரியே இருக்கும். இந்தக் கட்டத்தில் டாக்சிசைக்ளின் மாத்திரை விழுந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். விழவில்லை என்றால் இரண்டாவது வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். பென்சிலின் வகை மருந்துகளோ, கிளினிக்குகளில் தாராளமாகப் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியோ இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது.

நோயாளி

2019 குளிர்காலம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண், நாற்பதைத் தாண்டியவர். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக ஊர், வயது போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு வாரத்துக்கு மேலாகக் காய்ச்சல். முதலில் லைன் வீட்டிலேயே பாராசிட்டமால், அப்புறம் பஜாரில் ஒரு கிளினிக்கில் மூன்று நாள் ஊசி. நான் வேலை பார்க்கும் மலை மருத்துவமனைக்கு வந்தபோது நிமிடத்துக்கு 36 தடவை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் வைக்காமல் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை.

இந்த நோய்க்கு ஒரு முத்திரை உண்டு. உண்ணி கடித்த இடத்தில் வலியில்லாத ஒரு கருப்புப் பொருக்கு, சிகரெட்டால் சுட்ட மாதிரி வட்டமாக இருக்கும். ஆனால் அது இருக்கும் இடம் அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்னால் என்று மறைவாகவே இருக்கும். மாநிறத்துக்கு மேல் கறுத்த தோலில் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. திரை போட்டு, நர்ஸ் பக்கத்தில் நின்று, துணியை விலக்கி, டார்ச் அடித்துத் தேட வேண்டும். கூட்டமான ஓபியில் இதைச் செய்ய யாருக்கும் நேரமும் இருக்காது, இடமும் இருக்காது.

எங்கள் நர்ஸ் தேடினார். மழைக்காக இடுப்பில் பிளாஸ்டிக் சீட்டைக் கட்டிக்கொள்ளும் இடத்தில், கயிறு அழுந்திய தடத்துக்குச் சற்றுக் கீழே, அரை சென்டிமீட்டர் அளவில் அது இருந்தது.

"அது அட்டை கடிச்சது சிஸ்டர், விடுங்க. எங்களுக்கு எப்பவும் இருக்கிறதுதான்" என்றார் அந்த அம்மா.

அட்டை கடித்தால் பொருக்கைச் சுற்றி அந்தச் சிவந்த விளிம்பும், தொடையிடுக்கில் நெறி கட்டுவதும் இப்படி இருக்காது. நோய் இன்னதென்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்வது வேறு கதை. கிருமிக்கு எதிரான புரதத்தை ரத்தத்தில் தேடும் ஐஜிஎம் எலைசா சோதனைத் தட்டை ஒரே ஒரு நோயாளிக்காகப் போட மாட்டார்கள், மாதிரிகள் சேர்ந்தால்தான் போடுவார்கள். அவருடைய ரத்தம் ஐஸ் பெட்டியில் மலை இறங்கிப் போய், முடிவு திரும்பி வந்தபோது சிகிச்சை பாதி முடிந்திருந்தது.

எந்த மருந்து? நரம்பு வழி டாக்சிசைக்ளின் எங்கள் இருப்பில் இல்லை. சிறிய மருத்துவமனைகளில் அது அநேகமாக இருப்பதில்லை. நரம்பு வழி அசித்ரோமைசின் இருந்தது. அதைப் போட்டு, மூக்குக் குழாய் வழியாக டாக்சிசைக்ளின் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, 108 ஆம்புலன்சில் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். அங்கே வென்டிலேட்டர் வைத்தார்கள். பிழைத்துத் திரும்பி வந்து, சில மாதங்களில் மறுபடி கொழுந்துக்குப் போனார்.

இரண்டு மருந்தையும் கொடுத்தது சரிதானா என்று அன்று யாரும் சொல்ல முடியாது. இன்ட்ரெஸ்ட் ஆய்வு அதே குளிர்காலத்தில் ஏழு ஊர்களில் நடந்துகொண்டிருந்தது. அந்த ஏழில் ஒன்றுகூட நீலகிரி மாவட்டத்தில் இல்லை. அவர் சேர்ந்திருக்கக்கூடிய ஆய்வு, அவரைப் போன்றவர்களுக்காகவே நடந்த ஆய்வு, அவரைப் பார்க்கவே இல்லை.

ஆய்வு சொன்னது

நுரையீரலோ மூளையோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்ட கடுமையான நோயாளிகள் 794 பேர். குலுக்கல் முறையில் மூன்று குழுக்கள்: டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து. ஏழு நாள் நரம்பு வழி மருந்து. 28 நாளுக்குள் இறப்பு, ஏழாம் நாளிலும் நீங்காத உறுப்புப் பாதிப்பு, ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தால் அது கெட்ட விளைவு என்று கணக்கு. ஒற்றை மருந்து பெற்ற இரண்டு குழுவிலும் இது சுமார் 48%. இரண்டும் பெற்றவர்களில் 33%. இறப்பை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் நோயாளிகள் வேகமாகத் தேறினார்கள். ஐசியு படுக்கைக்குத் தட்டுப்பாடு உள்ள நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

கிருமி தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் ரைபோசோமில் இரண்டு பாகங்கள். டாக்சிசைக்ளின் ஒன்றை அடைக்கிறது, அசித்ரோமைசின் இன்னொன்றை அடைக்கிறது. இரண்டு பக்கமும் அடைபட்டால் தப்பிக்க வழி குறைவு. இந்த விளக்கம் மருந்தியல் பாடத்தில் நெடுங்காலமாக இருப்பதுதான். ஆனால் பாடத்தில் சரியாகத் தெரிவது வார்டில் சரியாக இருக்குமா என்பதைக் குலுக்கிப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கோவிட் காலத்தில், குணமானவர்களின் ரத்த நீரை நோயாளிக்கு ஏற்றும் பிளாஸ்மா சிகிச்சையும் காகிதத்தில் அருமையாகத்தான் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 பேரைச் சேர்த்துப் 'பிளாசிட்' ஆய்வை நடத்தியது. நோய் முற்றுவதையும் இறப்பையும் பிளாஸ்மா குறைக்கவில்லை என்று தெரிந்தது. பிளாஸ்மா தேடி உறவினர்கள் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த நேரத்தில் வந்த முடிவு அது. இந்திய அரசுப் பணத்தில், இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஒரு வேலை உலகத்துக்கே பதில் சொன்னது. நாம் இன்னும் பெருமையாகப் பேச வேண்டிய விஷயம் இது.

பணம் யாருடையது

டாக்சிசைக்ளினுக்கும் அசித்ரோமைசினுக்கும் காப்புரிமை முடிந்து வெகுகாலமாகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்று நிரூபித்து எந்த மருந்துக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. நோய் வருவதும் ஆசியாவின் தோட்டத் தொழிலாளிக்கும் விவசாயிக்கும்தான். கம்பெனிப் பணம் வரவே வராத இடம் இது. அரசுப் பணம் வராவிட்டால் கேள்வி கேள்வியாகவே நிற்கும்.

இன்ட்ரெஸ்டுக்குப் பணம் கொடுத்தது இந்தியா அலையன்ஸ். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008ல் தொடங்கிய அமைப்பு. ஆகவே இதில் நம் வரிப்பணம் இருக்கிறது. ஆனால் அது ஒரு ஆய்வுக்கான மானியம். தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உள்ள மானியம்.

ஒரு ஆய்வுக்குப் பணம் கொடுப்பது வேறு, ஆய்வு செய்யும் திறனை ஒரு ஊரில் வைத்துக் காப்பாற்றப் பணம் கொடுப்பது வேறு. முதலாவதில் நர்ஸ், லேப் டெக்னீஷியன், தகவல் பதிவாளர் எல்லோரும் ஒப்பந்தத் திட்டப் பணியாளர்கள். ஒப்புதல் வாங்குவது எப்படி, மருந்து ஒதுக்கீட்டு உறையை எப்போது பிரிப்பது, பக்கவிளைவு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் யாருக்குத் தெரிவிப்பது என்று ஒரு வருடம் செலவழித்துக் கற்றுக்கொள்வார்கள். திட்டம் முடிந்ததும் ஒப்பந்தம் முடியும். நன்றாகத் தேர்ந்த நர்ஸ்கள் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்த திட்டம் வரும்போது பழையபடி முதலிலிருந்து.

இதற்கு மாற்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. காசநோய்க்கு மலைக்காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும் வேண்டும், சானடோரியத்தில்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம். 1956ல் ஐசிஎம்ஆர், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீடு என்றால் நெரிசலான சென்னை வீடுகள், போதாத சாப்பாடு. 1959ல் வந்த முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. மலை ஏற வசதியில்லாத கோடிக்கணக்கான ஏழைகளுக்கு அந்த 193 பேர் வழி திறந்துவிட்டார்கள்.

ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது அதற்கு அடுத்து நடந்தது. அந்த மையம் முதலில் ஐந்தாண்டுத் திட்டமாகத்தான் தொடங்கியது. முடிவு வந்தபின் கடையைக் கட்டிவிடவில்லை. 1964ல் ஐசிஎம்ஆரின் நிரந்தர நிறுவனமாக ஆக்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். வீடு வீடாகப் போய் மாத்திரை எண்ணும் சுகாதார நர்ஸ்களும், சளி மாதிரியைக் கையாளத் தெரிந்த ஆய்வகமும் கலையாமல் நின்றதால் அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று பல தசாப்தங்களாக அங்கிருந்து பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு தற்காலிகத் திட்டத்தை நிரந்தரமாக்கிய அந்த ஒரு முடிவுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று கணக்குப் போடவே முடியாது.

பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வும் இதையேதான் காட்டியது. 2020 மார்ச்சில் தொடங்கி, ஜூன் 16 அன்றே டெக்சாமெத்தசோன் உயிர் காக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். 2,104 பேருக்கு மருந்து, 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. விலை மலிந்த, எந்தக் கம்பெனியும் விளம்பரம் செய்யாத ஸ்டீராய்டு. ஆய்வுக்கென்று தனியாக ஒதுக்கிய தொடக்க மானியம் சுமார் 21 லட்சம் பவுண்டுதான். அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு மலிவாக முடியுமா என்று ஆச்சரியப்படுகிறார்கள். மலிவு இல்லை. 2006லிருந்தே அரசு மருத்துவமனைகளில் ஆய்வு நர்ஸ்களை அரசே சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அந்தச் செலவு இந்த 21 லட்சத்தில் சேராது. கொள்ளைநோய் வந்த வாரத்தில் 176 மருத்துவமனைகளில் ஆட்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆள் இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதற்கும் கணக்கு உண்டு. கோவிட் மருந்துகளுக்காகப் பதிவான ஆய்வுகளில் 2,895 சிகிச்சைப் பிரிவுகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில், போதுமான ஆட்களோடு, உறுதியான பதில் தரும்படி அமைந்தவை சுமார் 5% தான். மீதி எல்லாம் சிறு சிறு முயற்சிகள். அவற்றில் சேர்ந்த நோயாளிகளின் நம்பிக்கையும் உடம்பும் வீணாயின என்றே நான் சொல்வேன்.

அமெரிக்காவிடமே பெரிய ஆய்வு வலைப்பின்னல்கள் இருக்கின்றன. எய்ட்ஸ் மருந்து ஆய்வுக் குழுமமான ஏசிடிஜி 1987ல் தொடங்கியது. ஏழாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் நிதியில் இந்தக் குழுமங்கள் இயங்குகின்றன. சென்னையிலும் புனேயிலும் அவற்றின் கிளை மையங்கள் உண்டு. எச்ஐவி மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் துணைவருக்குத் தொற்று பரவுவது 96% குறையும் என்று 2011ல் காட்டிய எச்பிடிஎன் 052 ஆய்வில் 1,763 தம்பதிகள் சேர்ந்தார்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. ஆனால் அடுத்த நாட்டு அரசின் பணத்தை நம்பி நிற்பதன் ஆபத்து 2025ல் வெளிச்சமானது. ஜனவரியில் அந்நாட்டின் வெளிநாட்டு உதவி முடக்கப்பட்டதும் பல நாடுகளில் ஆய்வுகள் பாதியில் நின்றன. மே மாதம் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச், வெளிநாட்டு மையங்களுக்குத் துணை மானியம் வழங்கும் முறையையே நிறுத்தி வைத்தது. பாதி மருந்து சாப்பிட்ட நோயாளிக்கு அடுத்த பாதியை யார் கொடுப்பது?

மலைக்கு இது புதிதில்லை

ராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ் 1897ல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊட்டிக்கு வந்தார். சீகூர் மலைப்பாதையில், கல்லட்டிப் பக்கம் மலேரியாவைத் தேடி அலைந்து அவருக்கே மலேரியா வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று சிக்கந்தராபாத்தில் கொசுவுக்குள் அந்த ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். அடுத்து அரசு என்ன செய்தது? மலேரியா இல்லாத ராஜபுதனத்துக் கெர்வாராவுக்கு அவரை மாற்றியது. கெஞ்சிக் கூத்தாடி அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்குப் போகும்வரை வேலை நின்றது. ஆராய்ச்சி செய்யத் தெரிந்த ஆளை அந்த வேலையிலேயே வைத்திருக்க ஒரு இடம் ஒதுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907லிருந்து இருக்கிறது. வெறிநாய்க்கடி மருந்துக்காக ஒரு அமெரிக்கக் கொடையாளரின் பணத்தில் எழுந்தது. 1957ல் ஆசிய ஃபுளூ நாட்டுக்குள் வந்தபோது இன்ஃபுளுயன்சா மையமாகக் கண்காணித்ததும் குன்னூர்தான். 1977லிருந்து மத்திய அரசின் தன்னாட்சி நிறுவனம். இத்தனை அனுபவம் உள்ள இடம், உற்பத்தித் தரம் போதவில்லை என்று 2008 ஜனவரியில் உரிமம் நிறுத்தப்பட்டு, 2010ல்தான் திரும்பப் பெற்றது. தடுப்பூசி வரத்து நாடெங்கும் பாதிக்கப்பட்டது. தரம் முக்கியம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தரத்தை உயர்த்தும் செலவை ஆண்டாண்டாகச் செய்யாமல் விட்டுவிட்டு ஒரு நாளில் கதவைச் சாத்துவது, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கத் தெரியாத பழக்கத்தின் விளைவு.

நிப்பா வைரஸும் பக்கத்தில்தான். 2018ல் கோழிக்கோட்டில் அது வந்தபோது ஆஸ்திரேலியாவிலிருந்து எம்102.4 என்ற எதிர்ப்புப் புரத மருந்தை வரவழைத்தார்கள். வந்து சேர்வதற்குள் தொற்று அடங்கிவிட்டது. கேரளத்தில் நிப்பா என்ற செய்தி வந்தாலே கூடலூரில் நாடுகாணி, சோலாடி, பாட்டவயல் சோதனைச் சாவடிகளில் காய்ச்சல் பார்க்க நம் ஆட்கள் வெப்பமானியோடு நிற்பார்கள். காய்ச்சலோடு ஒருவர் பிடிபட்டால், ஒப்புதல் படிவம், நெறிமுறைக் குழு அனுமதி, மருந்து இருப்பு எல்லாம் தயாராக ஒரு ஆய்வுத் திட்டம் காத்திருக்க வேண்டும். தொற்று வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் தொற்று போன பிறகுதான் எழுதி முடிப்போம். குரங்குகள் செத்து விழும் கியாசனூர் காட்டுக் காய்ச்சலுக்கும் இதே கணக்கு. அதன் சீசன் டிசம்பரிலிருந்து மே வரைதான்.

மலையில் ஒரு ஆய்வு மையம் என்றால்

இந்தியாவில் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. 2017ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய பயோஃபார்மா இயக்கத்தின் மதிப்பு 25 கோடி டாலர், பாதி உலக வங்கிக் கடன். மருத்துவமனைகளையும் களங்களையும் இணைத்து ஆய்வு வலைப்பின்னல்கள் அமைப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஐசிஎம்ஆர் 'இன்டென்ட்' என்ற பெயரில் தேசிய ஆய்வு வலைப்பின்னலை உருவாக்கியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய உள்நாட்டு டெங்குத் தடுப்பூசியின் மூன்றாம் கட்ட ஆய்வுக்கு 19 மையங்களில் 10,335 பேர், செலவில் பெரும்பங்கு ஐசிஎம்ஆருடையது. நல்ல திசை. ஆனால் மையமாகத் தேர்வாகத் தகுதி என்று கேட்பவை பெருநகர மருத்துவக் கல்லூரிகளிடம்தான் இருக்கின்றன: பதிவு பெற்ற நெறிமுறைக் குழு, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர், தடையில்லா மின்சாரம், முன் அனுபவம். முன் அனுபவம் இல்லாததால் தேர்வாகவில்லை, தேர்வாகாததால் அனுபவம் வரவில்லை. நோய் மலையில், ஆய்வு சமவெளியில்.

நீலகிரிக்கு இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கப்பட்டது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புதிய மருத்துவமனைக் கட்டடமும் வந்துவிட்டது. அதை மையமாக வைத்துக் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் மருத்துவமனைகளைக் கிளைகளாக இணைக்கலாம். முதலில் வாங்க வேண்டியது ஃப்ரீசர் இல்லை. நிரந்தரப் பணியிடத்தில் ஆய்வு நர்ஸ்கள், ஒரு லேப் டெக்னீஷியன், ஒரு தகவல் பதிவாளர், பழங்குடி ஊர்களிலிருந்தே வரும் களப்பணியாளர்கள், வண்டி ஓட்ட ஒருவர்.

களப்பணியாளரை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது. தமிழில் அச்சடித்த பத்துப் பக்க ஒப்புதல் படிவத்தை ஒரு பணியர் பாட்டியிடம் நீட்டிக் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. 2009ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசித் திட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்காக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது, 2013ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அதன் பிறகு விதிகள் இறுகின. 2019ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையையும் இழப்பீட்டையும் கட்டாயமாக்குகின்றன. விதி நல்லது. அதை ஒரு பழங்குடிக் குடியிருப்பில், அவர்கள் மொழியில், மாலை வேலை முடிந்து வந்தபின் உட்கார்ந்து விளக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் என்பதுதான் நிதி ஒதுக்கும் இடத்தில் கேட்கப்படாத கேள்வி.

அப்புறம் 28ஆம் நாள். இன்ட்ரெஸ்ட் போன்ற ஆய்வில் 28ஆம் நாள் நோயாளி எப்படி இருக்கிறார் என்று தெரிந்தாக வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலி போகும் விஷயம். இப்போது தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர். 28 நாளுக்குள் வேறு எஸ்டேட்டுக்கோ சொந்த ஊருக்கோ போய்விடுவார்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் சிகிச்சைக்குச் சுல்தான் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் போவார்கள், மாநில எல்லை தாண்டியதும் தகவல் அறுந்துவிடும். போன் போட்டு, மேஸ்திரியிடம் கேட்டு, பஸ் ஏறிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். இந்த அலைச்சலுக்குப் பட்ஜெட்டில் 'பயணம்' என்று ஒரு சின்னத் தொகை போடுவார்கள், முதலில் வெட்டப்படுவதும் அதுவே. 28ஆம் நாளைத் தவறவிட்ட நோயாளி ஆய்வுக்கு இல்லாத நோயாளிதான்.

இன்ட்ரெஸ்ட் பதில் சொன்னது கடுமையான நோய்க்கு. மலையில் நாங்கள் தினமும் கேட்கும் கேள்வி அதற்கு முந்தையது. காய்ச்சலின் மூன்றாம், நான்காம் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தோட்டத்து மருந்தகத்துக்கோ வருபவருக்கு, ரத்த முடிவுக்காகக் காத்திருக்காமல், பொருக்கு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், சீசனில் டாக்சிசைக்ளின் மாத்திரையைத் தொடங்கிவிடலாமா? எத்தனை பேர் ஐசியு போவதை அது தடுக்கும்? தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் விழுங்குபவர்கள் எத்தனை பேராக இருப்பார்கள்? மாத்திரையாகவே இரண்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் உண்டா? வேலூரிலோ புதுச்சேரியிலோ ஐசியுவில் உட்கார்ந்துகொண்டு இதைச் சோதிக்க முடியாது. நோயாளி மூன்றாம் நாளில் இருக்கும் இடம் இங்கேதான்.

சீசன் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரியில் அடங்கும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அனுமதி ஆணை வந்து, முதல் தவணைப் பணம் கணக்கில் ஏற ஆகஸ்டோ செப்டம்பரோ ஆகிவிடும். அப்போதுதான் ஆள் எடுப்புக்கு விளம்பரம். பயிற்சி முடிந்து அவர்கள் வார்டுக்கு வரும்போது பொங்கல் தாண்டியிருக்கும். மார்ச்சில் செலவாகாத பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் வரும். திட்ட மானியத்தில் இதை மாற்ற வழியில்லை. சம்பளத் தலைப்பில் நிரந்தரமாக ஏற்றினால் மட்டுமே ஆட்கள் ஜூலையில் பயிற்சி முடித்து, செப்டம்பரில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, அக்டோபர் முதல் வாரத்தில் முதல் நோயாளியைச் சேர்க்க முடியும்.